அந்த மஞ்சள் விளக்கு எரியட்டும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம். வால்பாறையில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோயிருந்தோம். எங்கள் கொங்குப் பக்கம், மகள் முழுகாமல் இருக்கும்போது தாய்வீட்டார் புளிசோறு, தயிர்சோறு என்று வகைவகையாகக் கட்டிக்கொண்டு போய் விருந்து வைத்து, அவளைப் பிரசவத்துக்குக் கையோடு அழைத்து வருவது வழக்கம்.

சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். மகளை நான்தான் காரில் அழைத்து வந்தேன். வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. நானோ ஐம்பதுக்கு மேல் ஓட்டப் பழகியவள். அதனால்தான் செகண்ட் ஹேண்டில் ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கினோம். கொழுந்தனார் அதைப் 'பாப்பா வண்டி' என்று கேலி செய்வார். ஓட்டுகிறவளுக்குத்தானே சுகம் தெரியும்!

அந்தக் காரின் கியர் லீவரில் ஒரு சின்ன பட்டன் உண்டு. அமுக்கினால் 'ஓவர் டிரைவ் ஆஃப்' என்று மஞ்சள் விளக்கு எரியும். வண்டியை விற்றவர், "அதை மட்டும் தொட்டுப்போடாதீங்க, மைலேஜ் போயிரும்" என்று சொல்லியிருந்தார். மைலேஜ் என்று காதில் விழுந்த பிறகு எங்கள் ஊர்க்காரர் யாராவது தொடுவாரா? மலை ஏறும்போது என் கை பட்டு விளக்கு எரிந்ததற்கே, வீட்டுக்காரர் பதறியடித்து அணைத்தார்.

இறங்கும்போது அட்டகட்டி தாண்டியதும் ஏதோ தீய்ந்த வாசம். "சோத்துப்போசி அடிப்புடிச்சிருக்குமாட்ட இருக்குது" என்றார் வீட்டுக்காரர். பாத்திரத்தில் ஆறிப்போன சோறு எப்படி அடிபிடிக்கும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை பாருங்கள்! போதாததற்கு, பின்னால் வந்த கார் விடாமல் ஹாரன் அடித்தது. வழி விட்டும் போகவில்லை. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால், பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி கால் உள்ளே போனது. ஒருபக்கம் பள்ளம். பின் சீட்டில் வயிற்றுப் பிள்ளையோடு தூங்கும் மகள். முருகா என்று கத்திக்கொண்டே பலம்கொண்ட மட்டும் மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தேன். வளைவின் அகலமான ஓரத்தில் வண்டி ஒருவழியாக நின்றது.

ஹாரன் அடித்த கார் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. எங்களுடையதைப் போலவே அதே மாடல். என் வயதுப் பெண் ஒருவர் இறங்கி ஓடி வந்து, முதல் வேலையாகச் சக்கரத்துக்கு முன்னால் கல்லை வைத்தார்.

"ஏனுங்க, சக்கரத்துல பொகை வருதுன்னுதானுங்க அத்தனை ஹாரன் அடிச்சேன். தண்ணி கிண்ணி ஊத்திப்போடாதீங்க, தானா ஆறட்டும்."

அதற்கு முந்தைய வருடம் அவருக்கும் இதே மலையில் இதே கதையாம். அந்தப் பட்டனை அமுக்கி, ஓவர் டிரைவ் என்கிற மேல் கியரை நிறுத்திவிட்டு, வளைவுகளில் லீவரை இரண்டில் போட்டால், இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்குமாம். பிரேக்குக்கு வேலை குறையுமாம்.

வீட்டுக்காரர் மெல்ல, "மைலேஜ் கொறையாதுங்களா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை! அந்தப் பெண்ணோ சிரித்துவிட்டார்.

"கொறைஞ்சா கொறையட்டுமுங்க. அம்மணியைப் பத்திரமா ஊடு கொண்டுபோய்ச் சேருங்க."

பிரேக் ஆறும்வரை மிச்சமிருந்த கட்டுச்சோற்றை எல்லோருமாகச் சாப்பிட்டோம். விழித்துக்கொண்ட மகள் ஏன் நின்றோம் என்றுகூடக் கேட்காமல், அவருக்குப் புளிசோறு அள்ளி வைத்தாள். கிளம்பும்போது அவர், "நான் முன்னால போறேன், என்ற வண்டி பின்னாலயே வாங்க" என்றார். மஞ்சள் விளக்கை எரியவிட்டு அவர் பின்னாலேயே இறங்கினேன். கார் சொன்னபடி கேட்டது. அடிவாரத்தில் ஆழியாறு வந்ததும் கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பேர்கூடக் கேட்கவில்லை நான்.

இப்போதும் பேத்தியோடு அந்த மலை இறங்கும்போது பட்டனை அமுக்குவேன். வீட்டுக்காரரே "எரியட்டும், எரியட்டும்" என்பார். அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்ததும், முன்னால் அந்தப் பெண்ணின் கார் போய்க்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றும், பயமில்லாமல் இறங்குவேன்.