நனைந்த சீட்டுகள்

எண்பதுகளின் நடுவில் சில ஆண்டுகள் எனக்கு மண் தோண்டுவதே வேலையாக இருந்தது. காற்றில் கரியமில வாயு கூடிக்கொண்டே போகிறது, அதனால் பூமி சூடாகும் என்ற பேச்சு அப்போதுதான் எங்கள் துறைக்குள் நுழைந்திருந்தது. இலையும் வேரும் மட்கி மண்ணுக்குள் போகும் கார்பன் அங்கே எவ்வளவு தங்குகிறது என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. கொடைக்கானலுக்கு மேலே சோலைக்காட்டிலும், வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரத் தோப்பிலும், பூண்டி கிராமத்தின் வெள்ளைப்பூண்டுத் தோட்டங்களிலும் மண் எடுத்து ஒப்பிட வேண்டும். பையில் மண்ணைப் போட்டு, எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று எழுதிய சீட்டையும் உள்ளே வைத்துக் கட்டி மதுரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவேன்.

ஓர் ஐப்பசியில் பூண்டியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பைகளைப் போட்டு ஜன்னலோரம் வைத்திருந்த சாக்கு நனைந்துவிட்டது. கொடைக்கானலில் நான் தங்கியிருந்த அறையில் பிரித்துப் பார்த்தால் மூன்று சீட்டுகளில் மை கரைந்து நீலக் கறைதான் இருந்தது. ஒன்று பூண்டுத் தோட்டம், இரண்டு சோலை. எனக்கு நன்றாக நினைவிருந்தது. புதுச் சீட்டு எழுதிப் போட்டேன். அப்படி எழுதியதை நோட்டில் குறிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் அந்தப் பூண்டுத் தோட்டத்து மண்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. கார்பன் அதிகமிருந்தால் கரைசல் சீக்கிரமே பச்சையாகிவிடும். மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட் குழாயைத் திறந்த கொஞ்ச நேரத்தில் பச்சை வந்தது. காலங்காலமாக உழுத மண்ணில், கை படாத சோலையைவிட அதிகக் கார்பன் எப்படி இருக்கும்? மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதே பச்சை.

என் வழிகாட்டிப் பேராசிரியர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணு ரெண்டு இப்படித்தாம்மா வரும். அதை விட்டுட்டு மத்ததை வச்சு டேபிள் போடு" என்றார். அவருக்குச் சீட்டு விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போய் நோட்டைப் புரட்டுவேன். அந்த நோட்டில் இல்லாததைத்தான் தேடுகிறேன் என்பது தெரிந்தும் புரட்டுவேன். "என்ன தொலைஞ்சு போச்சுன்னு சொன்னா நானும் தேடுவேன்ல" என்றார் என் கணவர். ஒன்றுமில்லை என்றேன். பத்து நாள் பொறுத்துவிட்டு மறுபடி மலையேறினேன்.

பூண்டித் தோட்டக்காரி பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். என் கையில் இருந்த மண் எடுக்கும் துளைக்கருவியைப் பார்த்ததுமே முகம் மாறியது.

"மறுபடியும் தோண்டவா வந்தீங்க? பூண்டு நிக்குது டீச்சர். இப்பத் தோண்டுனா பாத்தி சரிஞ்சிரும். எனக்கு ஏகப்பட்ட சோலி கெடக்கு."

"ஒரு பிடி மண்ணு போதும்க்கா. போன தடவ எடுத்த அதே எடத்துல."

"எந்த எடம்? காட்டுங்க."

கல்கட்டை ஒட்டிய மூலையைக் காட்டினேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"அங்கனயா எடுத்தீங்க? அது குதிரை கட்டுன எடமுல்ல. ரோடு வராத காலத்துல எங்க மாமனாரு எட்டுக் குதிரை வச்சிருந்தாரு. பூண்டு மூட்டையெல்லாம் அதுலதான் போகும். லத்தியும் புல்லுமா முழங்கால் ஒசரத்துக்குக் கெடக்கும். ரோடு வந்ததும் குதிரையை வித்துட்டு, நெரவி பூண்டு போட்டோம். இன்னைக்கும் அந்த மூலையில மட்டும் பூண்டு கைக்கு அடங்காது."

அந்தப் பச்சைக்குக் காரணம் குதிரை லத்தி. கல்கட்டின் மேல் உட்கார்ந்தேன். அப்படியென்றால் அந்தச் சீட்டு சரி. என் நினைவு சரி. அந்த நிம்மதி அவர் மறுபடி குனிந்து களை பிடுங்கத் தொடங்கும் வரைதான் நீடித்தது. மற்ற இரண்டு பைகள்? அவற்றின் எண்கள் விசித்திரமாக இல்லை என்பதால்தானே அவற்றைப் பற்றி நான் கவலைப்படவில்லை?

மண் எடுக்க விட்டார். எடுத்து முடித்ததும், "வெரசாப் போங்க, பஸ்ஸு திரும்பிரும்" என்றார். மலை இறங்கி மதுரை வந்து, நேரே பேராசிரியரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "ஏம்மா அப்பவே சொல்லல?"

"சொன்னா என்னை நம்ப மாட்டீங்கன்னு நெனச்சேன் சார்."

"இப்ப மட்டும் எப்படி நம்புறது?"

அவர் குரலை உயர்த்தவில்லை. மூன்று பைகள் மட்டுமல்ல, அந்தப் பருவத்து மண் முழுவதையும் மறுபடி எடுக்கச் சொன்னார். வாரா வாரம் என் நோட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஓர் ஆண்டு போயிற்று. உதவித்தொகை நின்றுவிட்டது. காலையில் ஒரு டுடோரியலில் வேதியியல் நடத்திவிட்டு, மதியத்துக்கு மேல் ஆய்வுக்கூடம் போவேன். இந்த முறை காகிதச் சீட்டுக்குப் பதில் தகரத் துண்டுகளில் ஆணியால் கீறிப் போட்டேன்.

புது எண்கள் வந்தபோது பழையவற்றோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். சோலை என்று நான் எழுதியிருந்த பைகளில் ஒன்றின் எண் சோலையோடு சேரவில்லை. வாட்டில் தோப்போடு அச்சாகச் சேர்ந்தது. அந்த மண்ணை எடுக்கச் சோலைக்குள் நின்றதும், சருகை ஒதுக்கியதும், குளிரில் கை விறைத்ததும் எனக்குக் கண்முன் இருக்கின்றன. அத்தனையும் வேறோர் இடத்தில் நடந்தவை. பேராசிரியரிடம் காட்டினேன். "ம்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து என் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

ஆய்வேட்டில் குதிரை மூலைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினேன். குதிரைகள் போய்ப் பல வருடம் ஆகியும், வருடா வருடம் கிளறியும், அந்த மண் கார்பனை விடவில்லை. எவ்வளவு ஆழத்துக்கு அப்படி என்று வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். தெரியாது என்றேன். பட்டம் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் பாயசம் வைத்தார்கள். அடுத்த வாரமே நீளமான துளைக்கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, பூண்டு அறுவடை எப்போது முடியும் என்று விசாரிக்கப் புறப்பட்டேன்.