செத்துச் செத்துப் பிழைத்த சிவப்புக் கார்

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த கம்சலாவுக்குக் கோபம் வந்தால் முகத்தில் தெரியாது. பயப்பட வேண்டியது அதற்குத்தான். பள்ளிக்கூடத்தில் அவள் பென்சிலை ஒடித்த ஒருத்தி இருந்தாள். பன்னிரண்டு வருஷம் கழித்துத் தன் கல்யாணத்தில், சரியாகத் தாலி கட்டும் நேரம் பார்த்து மைக் செட் ஏன் ஒப்பாரி வைத்தது என்று அந்தப் பெண் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

இப்போது கம்சலாவுக்கு முப்பத்தைந்து வயது. பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆறடிக்கு எட்டடியில் ஒரு கடை. வாகனங்களுக்கு வயரிங் பார்ப்பாள், பேட்டரி விற்பாள், சார்ஜ் போட்டுக் கொடுப்பாள். ஊரிலுள்ள ஆம்பிளை மெக்கானிக் பாஸ்மாரை விட்டுவிட்டு த்ரீவீலர்காரர்கள் இவளிடம் வந்ததற்கு ஒரே காரணம், பொய் சொல்லமாட்டாள் என்ற பேர். அந்தப் பேருக்குத்தான் சிவஞானம் முதலாளி தீ வைத்தார்.

சிவஞானத்துக்கு பஜாரில் துணிக்கடை. ஜப்பானிலிருந்து இறக்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருந்தார். இரண்டே சீட். தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவில் ஒரு தோசையைத்தான் செருகலாம், அதுவும் மெல்லிய தோசை. ரோட்டில் மேடு வந்தால் அடிவயிறு உரசி அலறும். அதனால் வருஷத்தில் நாலைந்து நாள் ஓடும். மிச்ச நாளெல்லாம் கராஜுக்குள் போர்த்திக்கொண்டு தூங்கும். எழுப்பப் போனால் பேட்டரி செத்திருக்கும்.

கம்சலாவிடம் வாங்கிய புது பேட்டரிதான். துணிக்கடை ஆள் அதைக் கழற்றித் தூக்கி வருவார். அவள் இரண்டு நாள் சார்ஜில் போட்டு, சோதித்து, நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புவாள். இரண்டாம் தடவையே சொல்லியனுப்பினாள்: "கோளாறு பேட்டரியில இல்ல. வண்டி சும்மா நிக்கிறப்பவும் உள்ள ஏதோ ஒண்ணு கரண்ட உறிஞ்சுது. நான் வந்து பாக்கணும்."

"லயத்துக்காரி கைய என் காருக்குள்ள விடுறதா?" என்று பதில் வந்தது.

மூன்றாம் தடவையும் சார்ஜ் போட்டு அனுப்பினாள். அதுவும் செத்தபோது அவரே நேரில் வந்தார். பஸ் ஸ்டாண்ட் முழுக்கத் திரும்பிப் பார்க்கக் கத்தினார்: "பழைய பேட்டரிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறா! கள்ளி! இவகிட்ட எவனும் போகாதீங்க!"

அவள் கையிலிருந்த வயரைத் தொடர்ந்து சுற்றினாள். அடுத்த வாரத்திலிருந்து த்ரீவீலர்கள் கடையைத் தாண்டிப் போயின. பக்கத்துத் தேநீர்க்கடை புஹாரி நானாதான் கொதித்தார். "தங்கச்சி, ஒரு வார்த்த சொல்லுங்க. அந்தாளு பெட்ரோல் டேங்குல ஒரு கிலோ சீனி கொட்டிட்டு வாரேன்."

"சீனி விக்கிற வெலைக்கு அவரு தகுதியில்ல, நானா. பொறுங்க."

இரண்டு மாதம் பொறுத்தாள். பல்லைத் தேய்க்கும்போதும் சோற்றைப் பிசையும்போதும் 'கள்ளி' என்ற அந்தச் சொல்லை மென்றுகொண்டே பொறுத்தாள். அதற்குள் சிவஞானம் பண்டாரவளையிலிருந்து ஒரு பாஸைக் கூட்டிவந்து ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை மாற்றினார், வேறு கடையில் வேறு பேட்டரி வாங்கினார். அதுவும் செத்தது. வெள்ளிக்கிழமை ஹல்துமுல்லையில் புதுக் கடை திறப்பு. காரில் வந்து இறங்குவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வியாழக்கிழமை காலை அவர் மனைவி விசாலாட்சி வந்து நின்றாள்.

"நீயே வந்து பாரு புள்ள. மனுசன் கத்துறத தாங்க முடியல."

"பாக்குறேங்கம்மா. ஆனா காரு இங்க வரணும். அவரு கத்துன எடத்துக்கு."

"அதான் ஸ்டார்ட் ஆகலையே?"

"தள்ளலாங்களே. மொதலாளியும் சேந்து தள்ளட்டும், ஒடம்புக்கு நல்லது."

உச்சி வெயிலில் பஜார் வழியாகக் கார் வந்தது. பின்னால் துணிக்கடை ஆட்கள் நாலு பேர், நடுவில் சிவஞானம், ஓரமாகக் குடை பிடித்தபடி விசாலாட்சி. அவர் வேட்டியிலிருந்து சொட்டிய வியர்வையில் ரோட்டோரத்துப் புல் முளைத்ததாகப் புஹாரி இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

கம்சலா பானட்டைத் திறந்து, தன் கடையிலிருந்த நிறைந்த பேட்டரியை மாட்டி, இடையில் கரண்ட் அளக்கும் மீட்டரைக் கொடுத்தாள். பேட்டரியின் தலையிலிருந்து மெல்லிய சிவப்பு வயர் ஒன்று திருட்டுத்தனமாக உள்ளே போவதை முதல் பார்வையிலேயே பார்த்துவிட்டாள். ஆனால் இரண்டு மாதக் கடனை இரண்டு நிமிஷத்தில் தீர்ப்பாளா? ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒவ்வொன்றுக்கும் மீட்டரைக் கூட்டத்துக்குக் காட்டி, "இது இல்ல" என்றாள். இருபத்திரண்டு ஃபியூஸ். கூட்டம் மூன்று மடங்கானது.

கடைசியில் அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். டாஷ்போர்டில் விரல் உயர முருகன். சுற்றிலும் கலர் பல்புகள் மினுங்கின.

"இது யாரு போட்டதுங்க, மொதலாளி?"

"நாந்தான் போடச் சொன்னேன்." இளைப்பிலும் சிவஞானத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. "சாமி வெளக்கு அணைஞ்சா தொழில் படுத்துரும்னு ஜோசியர் சொன்னாரு. நேரா பேட்டரியிலயே குடுத்திருக்கு. ரெண்டு வருசமா ஒரு நிமிசம் அணையல!"

கம்சலா வயரைக் கழற்றினாள். விளக்கு அணைந்தது. மீட்டரில் எண் பூஜ்யத்துக்கு விழுந்தது. புஹாரியைக் கூப்பிட்டு அதை உரக்க வாசிக்கச் சொன்னாள்.

"ராவும் பகலும் குடிச்சது இதுதாங்க. ஓடுற வண்டின்னா திருப்பி ஏத்திக்கும். ஓடாத வண்டி என்ன செய்யும்?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். கூட்டமும் காதைத் தாழ்த்தியது. "அணையவே இல்லன்னீங்க. மூணு தடவ பேட்டரியக் கழட்டி எங்கிட்ட அனுப்புனீங்க, தடவைக்கு ரெண்டு நாளு. அந்த ஆறு நாளும் சாமி எந்தக் கரண்ட்ல எரிஞ்சாரு?"

சிவஞானம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அடப் பாவி மனுசா," என்றாள் விசாலாட்சி.

"இப்பவும் அணைஞ்சுதான் கெடக்குது," என்று கம்சலா வயர் நுனியைத் தூக்கிக் காட்டினாள்.

"மாட்டு புள்ள! சீக்கிரம் மாட்டு!" என்று பதறினார் சிவஞானம்.

"தனியா ஒரு சின்ன பேட்டரி வச்சு மாட்டித் தாரேன், காருக்குத் தொந்தரவு இருக்காது. ஆனா கள்ளி கை பட்டா சாமிக்கு ஆகுங்களா?"

அவர் முணுமுணுத்தார். "நீ... கள்ளி இல்ல."

"கேக்கலைங்க."

"கள்ளி இல்ல!"

"அன்னைக்கு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டுச்சுங்களே."

"கம்சலா கள்ளி இல்ல! பேட்டரி நல்ல பேட்டரி! தப்பு எம்மேலதான்!" முழுத் தொண்டையில் கத்தினார். த்ரீவீலர்காரர்கள் விசிலடித்தார்கள்.

அவள் பிளையரை எடுக்கக் கையை நீட்டினாள். அந்த நேரம் பண்டாரவளை பஸ் வந்து நின்றது. நிறையச் சனம். கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "என்னாங்க இங்க சத்தம்?" என்றார்.

கம்சலா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"கேக்குறாங்கள்ல, மொதலாளி. சொல்லுங்க."