புஷ்பராணி தாமதப்படுத்திய மேற்குப் பயணம்

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டுக் கோடையில், மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்துகொண்டு, அமெரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு புஷ்பராணியின் தலையில் விழுந்தது. அந்தக் கரையை வெள்ளைக்காரர் தரைவழியாகத் தேடிப் போய் இருநூறு வருடம் ஆகிவிட்டது என்பதும், அவர்கள் போவதற்கு முன்பே அங்கே சனங்கள் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கேட்டவர் கயலின் அப்பா. கயல் சம்பந்தப்பட்ட எதற்கும் புஷ்பராணி மாட்டேன் என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

புஷ்பராணிக்கு நாற்பத்தெட்டு வயது. கணவர் இரவிச்சந்திரனுக்கு ரொட்டி சுடுகிற பாண் தொழிற்சாலையில் விடியற்கால வேலை. பிள்ளை இல்லை. ஒரு காலத்தில் கோயிலில், கலியாண வீட்டில், மெத்ரோ படிக்கட்டில் எல்லாம் அதைப் பற்றி விசாரிப்பார்கள். பிறகு விசாரிப்பதை விட்டுவிட்டார்கள். விசாரித்தபோது வந்த கோபத்தைவிட, விட்டபோது வந்த கோபம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. கடவுள் தராததைக் கடைசியில் கியூபெக் அரசாங்கம் தந்தது. வீட்டிலேயே கார்டெறி என்கிற பிள்ளைக் காப்பகம் நடத்தலாம், ஆறு பிள்ளைகள் வரை பார்த்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தது. காலையில் தந்து மாலையில் திரும்ப வாங்கிக்கொள்ளும். சனி, ஞாயிறு தராது.

ஆறு பேரில் ஒருத்தி கயல். தவழத் தொடங்கிய பருவத்தில் வந்தவள்; இப்போது நான்கு வயது. அப்பா தீபக்கும் அம்மா ஸ்நேகாவும் சென்னைக்காரர்கள், இருவரும் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வீட்டில் அவர்கள் பேசியது ஒரு தமிழ், மகள் புஷ்பராணியிடம் கற்றுக்கொண்டு வந்தது யாழ்ப்பாணத் தமிழ். "சாப்டியாடி?" என்று அம்மா கேட்டால் "ஓம், பேந்து சாப்பிடுறன்" என்று பதில் வரும். சென்னையில் இருந்து தொலைபேசியில் பேசிய தாத்தா, பிள்ளைக்கு ஏதோ நோய் என்று பயந்துபோனார். புஷ்பராணிக்கோ இதைவிடப் பெரிய பட்டம் எந்தப் பல்கலைக்கழகமும் தந்திருக்க முடியாது.

ஜூன் கடைசியில் ஒரு மாலை, தீபக் வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டே செய்தியைச் சொன்னான். கம்பெனி அவனை அமெரிக்காவின் மேற்குக் கரைப் பக்கம் போர்ட்லண்டுக்கு மாற்றுகிறது. ஓகஸ்ட் முடிவில் பயணம். குழந்தைக்குப் புது இடம் என்றால் பயம், அதனால் அக்கா கொஞ்சம் கொஞ்சமாக மேற்குத் திசையைப் பற்றிக் கதை மாதிரிச் சொல்லிவைத்தால் நல்லது என்று ஒரு படப் புத்தகத்தையும் நீட்டினான். லூயிஸ், கிளார்க் என்று இரண்டு தளபதிகள் ஆற்றுவழியாக மேற்கே போய்ப் பசிபிக் கடலைக் கண்ட கதை. புஷ்பராணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தன் சிரச்சேத உத்தரவைத் தானே கையெழுத்திட்டு வாங்கிய மாதிரி இருந்தது என்று பிறகு இரவிச்சந்திரனிடம் சொன்னாள். அவர் அன்றைய பாண் கொஞ்சம் கருகிவிட்டது என்று பதில் சொன்னார்.

படை திரட்டுவது கடினமாக இருக்கவில்லை. ஜூலை முதலாம் தேதி மொன்றியல் ஊரே வீடு மாறும். வேண்டாத சாமான்கள் பின் சந்தில் வந்து குவியும். அந்த வருடம் ஒரு பெரிய குளிர்சாதனப் பெட்டியின் அட்டைக் கூடு கிடைத்தது. அது படகு. ஆறு பிள்ளைகளில் ரதீசனும் வித்தியாவும் தளபதி வேலைக்கு முன்வந்தார்கள். தளபதிகளிடம் ஒரு நாய் இருந்தது என்று தெரிந்ததும், ஹெயிட்டிக் குடும்பத்து இரட்டைப் பிள்ளைகள் இருவருமே நாய் ஆகிவிட்டார்கள். கயல், முதுகிலே குழந்தையைக் கட்டிக்கொண்டு அந்தப் படையோடு நடந்த சக்காகவேயா என்ற இளம் தாய். ஒரு துவாயால் பொம்மையை அவள் முதுகில் கட்டிவிட்டபோது, புஷ்பராணி முடிச்சைத் தேவைக்கு அதிகமாக நேரமெடுத்துப் போட்டாள்.

மிச்சம் இருந்தது அந்தத் தாயின் புருசன் ஷார்போனோ. அவன் மொன்றியலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பூஷர்வில் ஊர்க்காரன் என்று புத்தகத்தில் கண்டதும் புஷ்பராணிக்கு ஊர்ப் பெருமை பொங்கிவிட்டது. ஆனால் அடுத்த பக்கத்தில் பெருமைக்கு வழி இல்லை. காற்றில் படகு சரிந்தபோது சுக்கானைப் பிடித்திருந்த இந்த மனிதன் கடவுளே கடவுளே என்று கத்திக்கொண்டு நின்றானாம். மனுசி மடியில் பிள்ளையோடு இருந்தபடியே, மிதந்துபோன சாமான்களை ஒவ்வொன்றாக எட்டிப் பிடித்தாளாம். புஷ்பராணி அந்தப் பக்கத்தை இரவிச்சந்திரனுக்கு இரண்டுதரம் வாசித்துக் காட்டினாள். ஷார்போனோ வேடம் ஆறாவது பிள்ளையான முகமது யாசினுக்குப் போயிற்று. அவன் அழாமல் ஏற்றுக்கொண்டான். ஆனால் ஒரு கேள்வி கேட்டான். அங்கே முதலே இருந்த ஆட்களிடம் இவர்கள் கேட்டுவிட்டா போனார்கள்? கேட்கவில்லை என்று புஷ்பராணி ஒப்புக்கொண்டாள். விண்ணப்பம் நிரப்பாமல், நேர்முகம் இல்லாமல், வக்கீல் இல்லாமல் ஒரு நாட்டுக்குள் நுழைந்தவர்களுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள் என்பதில், அகதி விண்ணப்பம் கொடுத்து வருடக்கணக்காக வரிசையில் நின்றவளுக்கும் ஒரு வருத்தம் இருந்தது.

படை புறப்பட்டது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. புஷ்பராணி காலைத் தூக்கி வைக்கப் போனவள் நின்றுவிட்டாள். வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம். அந்தத் திசைக்குப் பயணம் வைக்கக் கூடாது. இதைச் சொன்னது அவளுடைய வாய்தான். எந்த உள்நோக்கமும் இல்லாமல், பழக்கத்தில் வந்த சொல். பிள்ளைகள் அட்டைப் படகில் இருந்து இறங்கிப் போய்த் தோடம்பழம் சாப்பிட்டார்கள். பயணம் திங்களுக்குப் போயிற்று.

அந்த வெள்ளி மாலை கயலைக் கூட்டிப்போக ஸ்நேகா வந்தபோதுதான் புஷ்பராணிக்கு ஒரு யோசனை தட்டியது. படை கடலைச் சேர்ந்தால்தானே கதை முடியும், கதை முடிந்தால்தானே கயல் போவாள்? அதை யோசனை என்று சொல்வதும் சரியில்லை. நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு அப்படி ஒரு யோசனை வரலாமா என்று யாராவது கேட்டால் வரக்கூடாது என்றுதான் சொல்ல வேண்டும். வந்துவிட்டது.

அதன் பிறகு உலகச் சரித்திரத்தில் எந்தப் படைக்கும் இத்தனை தடை வந்ததில்லை. ராகுகாலம் வந்தது. ஆடி பிறந்ததும் ஆடியிலே யாரும் புது இடம் போவதில்லை என்ற விதி வந்தது. பூனை குறுக்கே போனது. அந்தச் சந்தில் பூனைக்கு என்றுமே பஞ்சம் இல்லை. திசையும் கைகொடுத்தது. மொன்றியலில் சூரியன் மறைகிற பக்கத்தைத் தெருப்பலகைகள் வடக்கு என்று சொல்லும். அவை மேற்கு என்று காட்டுகிற பக்கத்தில் வேறு ஏதோ இருக்கும். உள்ளூரார் இதில் ஒரு பிழையும் காண்பதில்லை. புஷ்பராணி சூரியனை விட்டுத் தெருப்பலகையை நம்பினாள். அந்தப் பக்கம் சந்து ஒரு கராஜ் சுவரில் முட்டி நின்றது. ஜூலை நடுவில், வேர்த்து ஒழுகும் வெயிலில், படை குளிர்காலப் பாசறை அமைத்தது. தளபதி ரதீசன் கம்பளித் தொப்பி போட மறுத்துக் கிளர்ச்சி செய்தான்.

இரவிச்சந்திரன் பின்கதவில் நின்று தேத்தண்ணீர் குடித்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மெல்லக் கேட்டார்.

"இஞ்சேரும், உவை எப்ப கடலுக்குப் போய்ச் சேருவினம்?"

"அவசரப்பட்டு என்ன செய்யிறது? பனி கரையட்டும்."

அவர் வெயிலை ஒருமுறை பார்த்தார். மிச்சத் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். நாற்பது பாகை வெப்பத்தில் பாண் சுடுகிற மனிதருக்குப் பனியைப் பற்றி வாதாடத் தெம்பு இல்லை.

இரவில் அவள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையே திறந்து வைத்திருந்தாள். பயணம் முடிந்து திரும்புகிற வழியில், சக்காகவேயாவும் புருசனும் பாதியிலே தங்கிவிடுகிறார்கள். கிளார்க் தளபதிக்கு அந்தக் குழந்தையைப் பிரிய மனமில்லை. என்னிடம் விடுங்கள், என் பிள்ளையாக வளர்க்கிறேன் என்று கேட்கிறார். இன்னும் பால்குடி மறக்கவில்லை, ஒரு வருடம் போகட்டும் என்கிறார்கள் தாய் தகப்பன். பிறகு ஒருநாள் கொண்டுபோய் அவரிடம் விடவும் செய்கிறார்கள். பெரிய தளபதி, ஆயுதம் ஏந்தியவர், நாடு முழுக்கப் பெயர் எடுத்தவர்; அவர் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். கேட்டும் யாரும் சிரிக்கவில்லை.

இதற்கிடையில் கயலின் வீட்டில் கலவரம். விமான டிக்கெட் வெள்ளிக்கிழமைக்கு. "வெள்ளிக்கிழமை மேற்கை போகக் கூடாது, சூலம் குத்தும், நான் வரமாட்டன்" என்று கயல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். தீபக் சிரித்தான். ஸ்நேகாவும் சிரித்தாள். பிறகு சென்னைக்கு அம்மாவிடம் தொலைபேசியில் பேசினாள். மறுநாள் டிக்கெட் அடுத்த வியாழனுக்கு மாறிவிட்டது. நான்கு வேலை நாட்கள் கூடுதலாகப் புஷ்பராணியின் கையில் வந்தன. செய்தி கேட்ட புஷ்பராணி அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பாயாசம் வைத்தாள். வென்ற படைக்கு விருந்து என்று சொன்னாள். என்ன வென்றோம் என்று வித்தியா கேட்டாள். புஷ்பராணி அவளுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

வெற்றி தலைக்கு ஏறினால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் உதாரணம் நிறைய உண்டு. அந்த வாரம் ஒரு மாலை, மற்றப் பிள்ளைகள் போன பிறகு, கயல் உள்ளே சப்பாத்துத் தேடிக்கொண்டிருந்த நேரம், புஷ்பராணி தளபதியைப் போலவே கேட்டுவிட்டாள். பகிடி மாதிரித் தொடங்கினாள். பாதியில் பகிடி அவளைக் கைவிட்டுவிட்டது.

"பிள்ளை, நீங்கள் போய் வீடுவாசல் எல்லாம் பாத்து ஒழுங்குபடுத்துங்கோ. அதுமட்டும் கயல் என்னோடை நிக்கட்டுமே. ஒரு வருசம். பேந்து நானே கொண்டுவந்து விடுறன்."

ஸ்நேகா கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? எங்கம்மா போன்ல என்ன சொன்னாங்க தெரியுமா? மேற்குச் சூலத்துக்கு ஒரு துண்டு வெல்லம் வாயில போட்டுட்டுக் கிளம்பு, அவ்வளவுதான்னாங்க. பரிகாரம் இருக்கு. உங்களுக்கும் தெரியும்ல?"

புஷ்பராணிக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் சூலம் தெரிந்த எவருக்கும் அதற்கு மருந்தும் தெரியும். அந்த மருந்தான பனைவெல்லம், பனங்கட்டிப் போத்தலில் சமையலறைத் தட்டில்தான் இருந்தது. இத்தனை வாரமும் ஆறு பிள்ளைகளுக்கும் அவள் சூலத்தை மட்டும் படிப்பித்தாள், பரிகாரத்தைப் படிப்பிக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எனக்கும் தெரிஞ்சுதான் டிக்கெட் மாத்தினேன். அவர்கிட்ட அம்மா ரொம்பப் பயப்படுறாங்கன்னு சொல்லிட்டேன்." ஸ்நேகா உள்ளே சப்பாத்துச் சத்தம் கேட்கிற பக்கம் பார்த்தாள். "என்னால குடுக்க முடிஞ்சது அவ்வளவுதான் அக்கா."

கயல் இரண்டு காலிலும் சப்பாத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தாள். புஷ்பராணி குந்தி இருந்து கழற்றி மாற்றிப் போட்டுவிட்டாள். தாயும் மகளும் படியிறங்கிப் போனார்கள். அன்றிரவு இரவிச்சந்திரன் கேட்காமலே தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவரும் சுக்கானை விட்டு இறங்கி ஏதோ எட்டிப் பிடிக்கப் பார்த்தார் போலும். அவள் குடித்தாள், சீனி கொஞ்சம் கூடிப்போயிருந்தது.

மறுநாள் காலை படைக்குப் புது உத்தரவு வந்தது. பனி கரைந்துவிட்டது, மலை தாண்டியாயிற்று, பூனைகள் மன்னிக்கப்பட்டன. மூன்று நாளில் ஒரு கண்டத்தின் பாதியை அவர்கள் கடந்தார்கள். கடைசிப் புதன்கிழமை, ஆறு பிள்ளைகளையும் ஒரே கயிற்றைப் பிடிக்கவைத்து, பஸ்ஸில் ஏற்றி, பக்கத்து நகரமான லவாலுக்கும் மொன்றியலுக்கும் இடையில் ஓடுகிற ஆற்றின் கரைக்குப் புஷ்பராணி கொண்டுபோனாள். தெருப்பலகைப்படி அது வடக்கு. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. தண்ணீரைக் கண்டதும் தளபதிகள் கடல், கடல் என்று கத்தினார்கள். நாய்கள் குரைத்தன. ஒரு மீன்பிடிக்கிற கிழவர் திரும்பிப் பார்த்து பொன்ஜூர் என்று வணக்கம் சொன்னார். யாசின் அது ஆறு என்று சொன்னான். உண்மையான தளபதிகளும் முதலில் ஆற்றின் வாயைப் பார்த்துத்தான் கடல் என்று எழுதிவைத்தார்கள் என்று புஷ்பராணி விளக்கினாள். யாசினுக்குத் திருப்தி இல்லை.

கயல் கரைக் கல்லில் வந்து குந்தினாள். பொம்மை முதுகில் இருந்தது.

"அன்ரி, அவை திரும்பி வந்தவையோ?"

"வந்தவை."

"கன காலம் போனதோ?"

"போகேக்கைதான் கன காலம். எதிர் நீரிலை துடுப்புப் போட்டெல்லோ போனவை. வரேக்கை கெதியா வந்திட்டினம். தண்ணி இந்தப் பக்கம்தான் ஓடுறது."

கயல் தண்ணீரை எட்டிப் பார்த்தாள். "பிளேனுக்கும் தண்ணி ஓடுமோ?"

புஷ்பராணி அவள் முதுகில் பொம்மையின் முடிச்சை இறுக்கிவிட்டாள். வித்தியா ஒரு குச்சியைப் பொறுக்கி ஆற்றில் எறிந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். குச்சி ஒருமுறை சுற்றியது, பிறகு நேராகி, அவர்களைத் தாண்டிக் கிழக்கே போயிற்று. உடனே ஆளுக்கொரு குச்சி என்று சண்டை தொடங்கியது. நாய்களில் ஒன்றுக்கு மூத்திரம் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ரதீசன் பசிக்கிறது என்று இரண்டுதரம் அறிவித்தான்.

பிள்ளைகள் குச்சி போகிற பக்கத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். புஷ்பராணி மட்டும் தண்ணீர் வருகிற மேற்குப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.