கூடச் சாப்பிடுகிறவர்

இந்த வருடத்துச் சாப்பாட்டுத் திருவிழாவுக்காகத் தொடங்கிய வாட்சாப் குழுவில்தான் எனக்குச் செய்தி வந்தது. சாத்தே கடை எந்த மூலையில், கூடாரம் யார் பொறுப்பு என்று பேசிக்கொண்டிருந்த நடுவில் ஒருவர், “நம்ம சரஸ்வதி டீச்சர் நீலாய்ல மகன் வீட்டுல காலையில தவறிட்டாங்க” என்று போட்டார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அதற்கும் கீழே, ஐஸ் கட்டியை யார் கொண்டு வருவது என்று ஒரு கேள்வி. எனக்குத் தனியாகப் போன் செய்து சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? நான் அவருக்கு உறவா, ஒட்டா?

ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளியில் அவரிடம் படித்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. அவர் திருகிய உங்கள் காதுகளுக்கே தெரியும். நான் அதே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். வேலையில் இருந்த காலத்தில் நாங்கள் வணக்கம் சொல்லிக்கொண்டதோடு சரி. தோட்டத்தை விட்டு வெளியேறி ஒரே தாமான் குடியிருப்பில் வீடு வாங்கியதும், அவர் கணவரை இழந்ததும், பிறகு என் மனைவி போனதும்தான் எங்களைப் பேச வைத்தன.

மனைவி போன பிறகு நான் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டேன். நாலு நாற்காலி போட்ட மேசையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்தால் கடையே நம்மைப் பார்ப்பது போல இருக்கும். பொட்டலம் கட்டி வந்து டிவி முன்னால் விழுங்குவேன். ஒரு சனிக்கிழமை என் கையில் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு டீச்சர் தான் ஓட்டி வந்த காடியை நிறுத்தினார். “அந்தச் சோறு ஆறிப் போய்க் கிடக்கு. ஏறுங்க லா, லுக்குட் டவுன் கடையில சுடச்சுட இலை போடுறான்.” ஏறிவிட்டேன். பள்ளிக்கூடக் குரல் அது, மறுத்துப் பழக்கமில்லை.

அன்று சாப்பிட்டு முடித்ததும் இலையை எதிர்ப்பக்கமாக மடித்தேன். மனைவியின் காரியச் சாப்பாட்டில் அப்படி மடித்த கை, அப்படியே பழகியிருந்தது. டீச்சர் எட்டி என் இலையைப் பிரித்து, என் பக்கமாகத் திருப்பி மடித்தார். “இது துக்க வீடு இல்ல, கிராணி ஐயா. கடை. நம்ம பக்கம் மடிங்க. அப்பதான் மறுபடி வருவோம்.” அன்றிலிருந்து சனிக்கிழமை எனக்கு ஒரு கிழமையாக ஆனது. மற்ற நாள்கள் எல்லாம் சும்மா வந்து போயின.

திருவிழாக் கூத்தைச் சொல்லாவிட்டால் அவருக்கே பொறுக்காது. சில வருடங்களுக்கு முன் தாமான் இளைஞர்கள் முதன்முதலாகத் திடலில் சாப்பாட்டுத் திருவிழா வைத்தார்கள். ஆட்டுக்கறிப் பிரட்டல், நண்டுக் குழம்பு, குச்சியில் குத்திச் சுட்ட கோழி சாத்தே என்று மணம் ரோடு வரை வந்தது. நம்மாட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஏனென்றால் அது புரட்டாசிச் சனிக்கிழமை! டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ஊரே விரதம் இருக்கிற நாளாப் பாத்து கறி ஆக்கி வச்சிருக்கீங்களேடா! காலண்டர்ல அழகா படம் மட்டும்தான் பாத்தீங்களா?” என்று திட்டினார். ஆனால் பிரட்டல் கடைக்காரனின் முகம் சுண்டிப் போனதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். நேரே ரோட்டோரம் போய் நின்று, போகிற மோட்டார்களையும் காடிகளையும் மறித்து, “மாரி மக்கான்! மாரி!” என்று மலாயில் சாப்பிட வரச்சொல்லிக் கூவினார். மலாய்க் குடும்பங்களும் சீனக் குடும்பங்களும் இறங்கி வந்தன. இருட்டுவதற்குள் சட்டிகள் காலி.

நாங்கள் இருவரும் பசியோடு லுக்குட் போனோம். சைவச் சாப்பாடு. பரிமாறிய தம்பி புதிது. “ஆன்ட்டி, உங்க வீட்டுக்காரருக்கு ரசம் ஊத்தவா?” என்று கேட்டுவிட்டான். எனக்கு வியர்த்துவிட்டது. தாமானில் வாய்கள் சும்மாவா இருந்தன? டீச்சர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “வீட்டுக்காரர் இல்லப்பா. கூடச் சாப்பிடுறவரு. ஊத்து, நிறைய ஊத்து.”

முழங்கால் மோசமானதும் மகன் அவரை நீலாய்க்கு அழைத்துப் போனான். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் போன் வரும். “கடையில உக்காந்து சாப்பிடுறீங்களா, பொட்டலமா?” உட்கார்ந்துதான் என்று பொய் சொல்வேன். “கடைச் சத்தமே கேக்கலையே” என்பார். அதற்கு மேல் கேட்க மாட்டார்.

காரியத்தன்று டாக்சி பிடித்து நீலாய்க்குப் போனேன். என்னைத் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்தேன். சோற்றைப் பேருக்குப் பிசைந்தேன். எழும்போது இலையை மடித்தேன். என் பக்கமாக.

எதிரே நின்ற டீச்சரின் சம்பந்தி அம்மாள் பதறிவிட்டார். “ஐயோ, என்னங்க இது? துக்க வீட்டுல இப்படி மடிக்கலாமா? பிரிச்சு அந்தப் பக்கம் மடிங்க!” பந்தியே திரும்பிப் பார்த்தது. அவர் சொன்னது நியாயம்தான். இலையில் கை வைத்தேன். எதிர்ப்பக்கம் தள்ள மனம் வரவில்லை. தள்ளினால் இனி ஒரு சனிக்கிழமையும் இல்லை என்று நானே சொன்னதாக ஆகிவிடும். அப்படியே நின்றேன். கண் நிறைந்துவிட்டது.

அந்த அம்மாள் குரலைத் தணித்துக்கொண்டார். “நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

உறவு சொல்ல எனக்கு எதுவும் இல்லை என்றுதானே வழியெல்லாம் நினைத்து வந்தேன். இருந்தது. டீச்சரே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“கூடச் சாப்பிடுறவன்மா” என்றேன்.

அவர் என் இலையை, மடித்தது மடித்தபடியே, தானே எடுத்துக்கொண்டு போனார்.