பத்தியம் முறித்த வீடு

நோய் பாதி, பத்தியம் பாதி என்று என் மகளைத் தின்றன. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இரத்தத்தில் புற்றுநோய் என்று கொழும்பில் சொல்லி, முதல் ஊசி மருந்தை ஏற்றி, அடுத்த தடவைக்கு வரும்படி எங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கல்முனையில் வந்து இறங்கிய அன்றே என் கணவரின் உம்மா, என் மாமி, தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஊசி சூடு புள்ள. இரிக்கிற ரத்தத்தையும் கெடுத்துப் போடும். சவளக்கடையில ஒரு பரிசாரியார் இரிக்காராம். அவருக்கிட்ட காட்டுவம்."

போனேன். போனதற்கு இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. கொழும்புக்குப் போவதென்றால் ஒரு முழுநாள் பஸ், வழிநெடுகச் சோதனைச் சாவடி, வாந்தி எடுக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இறங்கி ஏற வேண்டும். பக்கத்து ஊரிலேயே மருந்து இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் எந்தத் தாய் போகாமல் இருப்பாள்? படித்தவர்கள் இதை அறியாமை என்கிறார்கள். அவர்கள் ஒரு தடவை அந்த பஸ்ஸில் ஏறிப் பார்க்கட்டும்.

பரிசாரியார் நல்ல மனிதர். நாடி பிடித்துப் பார்த்தார், கசாயத்துக்குச் சரக்கு கட்டித் தந்தார், பிள்ளையின் தலையைத் தடவிவிட்டார். ஆனால் கடும் பத்தியம் சொன்னார். மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை இல்லை, பால்கூட இல்லை. சோறும் உப்பும் அவித்த பூசணியும்தான். பத்தியம் முறிந்தால் மருந்து நஞ்சாகிவிடும் என்றார்.

அந்த ஒரு பேச்சை மாமி தெரு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பத்தியம் என்றால் எல்லா வீடும் காவல். பக்கத்து வீட்டில் எங்கள் பிள்ளைக்கு மணம் போகக் கூடாதென்று ஜன்னலைச் சாத்திவிட்டு மீன் பொரித்தார்கள். யாரோ தெரியாமல் கொடுத்த, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வட்டிலப்பத் துண்டை இன்னொருத்தி ஓடிவந்து பிள்ளையின் கையிலிருந்து பறித்தாள். எல்லாம் அன்புதான். அந்த அன்பில் என் பிள்ளை வற்றிப் போனாள். உப்புச் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு, "உம்மா, இண்டைக்கும் இதுதானா?" என்று கேட்பாள்.

அடுத்த தடவை கொழும்பு ஆஸ்பத்திரியில் பிள்ளையை நிறுத்துப் பார்த்த யாழ்ப்பாணத்து இளம் டொக்டர், வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"பிள்ளைக்கு என்னத்தைக் குடுத்தனீங்கள்? எலும்பும் தோலுமாக் கொண்டு வந்திருக்கிறியள்!"

மற்றத் தாய்மார் குனிந்துகொண்டார்கள். அவர்களுடைய பைகளுக்குள்ளும் எண்ணெய், திருநீறு, ஓதிய தண்ணீர் என்று ஏதாவது இருந்தது. ஏச்சுக்குப் பயந்து ஒளித்து வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் பையிலிருந்த கசாயப் போத்தலை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். எங்கள் பள்ளிவாசல் லெவ்வை குங்குமப்பூ மையால் குர்ஆன் ஆயத்து எழுதித் தந்த பீங்கானையும் எடுத்து வைத்தேன். அந்த எழுத்தைக் கழுவிய தண்ணீரைத்தான் நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்போம்.

"இதுதான் டொக்டர், நான் குடுத்த. ஏசிறண்டா ஏசுங்க. ஆனா எது கூடும், எது கூடாதெண்டு முதல்ல சொல்லுங்க. உங்கட ஏச்சக் கொண்டுபோய் நான் புள்ளைக்கு ஊட்டவா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். குரல் இறங்கியது.

"ஊசி ஏத்துற காலத்தில கசாயம் வேண்டாம் அம்மா, ஈரல் தாங்காது. பீங்கானைக் கழுவுறதெண்டால் கொதிச்சாறின தண்ணியில கழுவிக் குடுங்கோ, நான் மறிக்கேல்லை. பத்தியத்தை மட்டும் விடுங்கோ. நல்லா அவிச்ச மீன், முட்டை, பிள்ளை ஆசைப்படுறதைக் குடுங்கோ. சாப்பிட்டால்தான் இந்த மருந்தைத் தாங்குவா."

இவ்வளவுதான். இதை முதல் நாளே யாராவது எனக்கு உட்கார்ந்து சொல்லியிருக்கலாம்.

ஊருக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். அவர் உம்மாவுக்கும் எனக்கும் நடுவில் வாய் திறக்காத மனிதர். அன்றும் திறக்கவில்லை. ஆனால் காலையில் கடற்கரைக்குப் போய், துடிக்கத் துடிக்க விளைமீன் வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு அது போதும். தேங்காய்ப்பால் விட்டுப் பாலாணம் காய்ச்சினேன். குசினி ஜன்னலை வேண்டுமென்றே அகலத் திறந்து வைத்தேன். தெருவே மணக்கட்டும் என்றுதான் திறந்தேன்.

மாமி ஓடி வந்தார். "புள்ளைக்கு நஞ்சு ஊட்டிறியா நீ?"

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். அந்த உரிமையை நான் அதுவரை யாரிடமும் காட்டியதில்லை.

"இது என்ட வீடு மாமி. என்ட அடுப்பு. என்ட புள்ள திம்பா."

மாமி முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மகள் முள் பார்க்கக்கூடப் பொறுக்காமல் தின்றாள். விரலைச் சூப்பிக்கொண்டு இன்னும் கேட்டாள். நான் அழுதுகொண்டே போட்டேன்.

அதற்குப் பிறகு ஊசியைத் தாங்கினாள். முடி கொட்டியது, ஆனால் கன்னத்தில் சதை வைத்தது. பள்ளிக்கூடத்துக்குக்கூடக் கொஞ்ச நாள் போய்வந்தாள். பீங்கான் தண்ணீரையும் நான் நிறுத்தவில்லை. அது என் ஈமான், என் நம்பிக்கை, அதில் யாருக்கும் கதை இல்லை. ஒரு வருடம் கழித்து நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை ஊசி கேட்கவில்லை.

மகளின் மையித்தைக் கிடத்தியிருந்த வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். ஊசிதான் கொன்றது என்று ஒருத்தி முணுமுணுத்தாள். மாமி பிள்ளையின் கால்மாட்டில் இருந்து, நெஞ்சிலடித்து அழுதுகொண்டே சொன்னார்.

"பத்தியத்த முறிச்சிட்டாளே! மீன ஊட்டி என்ட கிளியக் கொண்டுட்டாளே!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனியவில்லை.

"ஓம் மாமி, ஊட்டினன். கேட்ட நேரமெல்லாம் ஊட்டினன். அவவக் கொண்டுபோனது நோய். என்ட புள்ள பசியோட போகல்ல."