மச்சினன் காட்டாமல் விட்ட துளைகள்

பஞ்சர் ஒட்டுகிற கையோடு இந்த நகரத்துக்கு வந்தவன் நான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. இன்றைக்கு இந்தத் தெருவின் பெரிய டயர் கடை என்னுடையது. கடைக்குப் பின்னால் மாடி வைத்த வீடு என்னுடையது. வீட்டுக் கூடத்தில் பதித்திருக்கும் பளிங்கைப் பார்த்து வாயைப் பிளக்காதவர்கள் இல்லை. யார் முன்னாலும் நான் கைகட்டி நின்றதில்லை. ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல, என் மனைவியின் தம்பியைப் பற்றி. அவனைப் பற்றி எழுத வேறு யாரும் வரப்போவதில்லை.

அவன் போர்வெல் போடுகிறவன். தெருவில் அவனுக்குப் பெயர் ஊசி. ஆளும் அப்படி, தொழிலும் அப்படி. அம்மா சீக்கிரம் போய்விட்டதால், என் மனைவிதான் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தாள். தொழிலில் இறக்கிவிட்டவன் நான். வாய் மட்டும் அவனாக வளர்த்துக்கொண்டது.

"மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு மண்ணைக் கேளுங்க. அது பேசலன்னா என்னைக் கேளுங்க" என்பான்.

நகரத்தில் முதன்முதலாகத் தரைக்கு அடியில் மெட்ரோ ரயில் விடப்போகிறார்கள் என்று தெருமுனையில் தகரத் தடுப்பு வைத்தார்கள். அதிலிருந்து ஊசிக்கு யோகம்தான். சுரங்கம் குடைகிற மிஷின், மண்ணை இளக்குவதற்காக நுரையை அழுத்தத்தோடு பீய்ச்சிக்கொண்டே போகுமாம். மேலே தூர்க்காத பழைய போர்வெல் இருந்துவிட்டால், நுரை அந்தத் துளை வழியாகக் கிளம்பி வீட்டுக்குள்ளேயே பொங்கிவிடும். அதனால் மிஷின் வருவதற்கு முன்பே எல்லாத் துளைகளையும் கண்டுபிடித்து சிமெண்ட் ஊற்றி அடைக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் பாதிக்கு மேல் ஊசி போட்டவை. மெட்ரோ இன்ஜினியர் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக வந்தார். அவன் இடத்தைக் காட்டுவான், கூட வரும் ஆள் அங்கே வெள்ளை பெயிண்டால் ஒரு வட்டம் போடுவார். அவனுக்கும் ஒரு மஞ்சள் தொப்பி கொடுத்திருந்தார்கள். சாப்பிட உட்காரும்போதும் அதைக் கழற்ற மாட்டான்.

"தொப்பிய எடுடா. தட்டுல நிழல் விழுது, என்ன திங்கிறேன்னே தெரியாது உனக்கு" என்பாள் என் மனைவி.

என் வீட்டிலும் ஒன்று இருந்தது. பின்பக்கம் காலி இடமாகக் கிடந்த காலத்தில் அவன் போட்டது. தண்ணீர் வற்றிப்போனதும் அந்த இடத்தையும் சேர்த்துக் கூடத்தை நீட்டினேன். தூர்த்துவிட்டு மூடலாம் என்று அப்போதே சொன்னான். கட்டட வேலை தள்ளிப்போகுமே என்று துளையின் வாயில் ஒரு கல்லை வைத்து, மேலே பளிங்கைப் பதித்துவிட்டேன். இப்போது சரியாக அதன் மேல்தான் என் மனைவியின் கட்டில். முழங்கால் வலியால் பகலிலும் பாதி நேரம் அவள் அதில்தான் கிடப்பாள்.

இன்ஜினியர் அம்மா கூடத்தில் வந்து நின்றார். ஊசி என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினேன். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "இங்க ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்றான்.

"நிச்சயமா?"

"என் அக்கா வீடுங்க."

அதற்கு மேல் அவர் என்ன கேட்பார்?

இரண்டு நாள் கழித்து அவன் வந்தபோது தோளில் தட்டினேன். "பொழச்சேன் மாப்ள. இந்தக் கல்லை உடைச்சா ஜோடி கிடைக்காது."

"நீங்க ஒருத்தர்னு நினைக்காதீங்க மாமா" என்றான். "உங்களுக்கு விட்டுக் கொடுத்தேன்னு தெரிஞ்சு இன்னும் மூணு வீட்டுல கண்ஜாடை காட்டுனாங்க. நானும் அண்ணாந்து பாத்துட்டே வந்துட்டேன்."

போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு சுரங்கம், இரண்டு மிஷின். முதல் மிஷின் அடுத்த தெருவைத் தாண்டிய மதியம், அந்த மூன்றில் ஒரு வீட்டின் கீழ்க்கடையில் தரை பிளந்தது. அங்கே வாடகைக்கு இருந்தவர் இஸ்திரி போடுகிறவர். துளை இருந்ததே அவருக்குத் தெரியாது. சாம்பல் நிற நுரை மேசையைச் சாய்க்க, நெருப்புப் போட்ட இஸ்திரிப் பெட்டி அவர் காலிலேயே விழுந்தது. சத்தம் கேட்டு முதலில் ஓடியவன் ஊசி.

அன்றிலிருந்து தொப்பியைக் கையில்தான் வைத்திருந்தான். சாப்பிடச் சொன்னால் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பான். காலையில் வந்து அக்காவின் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

"அக்கா, கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டுக்கோ. காத்து வரும்."

"இத்தனை வருஷம் இங்க மூச்சு விடாமயா கிடந்தேன்?"

இழுத்துப் போட்டுவிட்டுப் போனான். காரணம் எனக்குத் தெரியும். ஆனால் இடம் காலியாகக் கிடந்தால் யாராவது என்ன ஏது என்று கேட்பார்களே. ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கும் என்று சொல்லிப் பழைய இடத்துக்கே தள்ளினேன். மறுநாள் அவன் மறுபடி இழுத்தான்.

"உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன தள்ளுவண்டியா?" என்றாள் அவள்.

இரண்டாவது மிஷின் எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஊசி கடைக்கு வந்து டயர் அடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாமா, சொல்லிடலாம்."

"உன் வேலை போயிடும்டா."

"போகட்டும்."

"இம்மாந்துண்டு ஓட்டை. மேல எவ்வளவு கனமான கல்லு கிடக்கு."

"இஸ்திரிக் கடையிலயும் கல்லுதான் கிடந்துச்சு." டயரிலிருந்து கையை எடுத்தான். "அவருக்குக் கட்டுப் போடும்போது காலை நான்தான் பிடிச்சுக்கிட்டேன். நல்ல வேளை தம்பி நீங்க இருந்தீங்கன்னாரு. அதுக்குப் பதிலா ஒரு அறை விட்டிருக்கலாம்."

ஆள் வந்துவிட்டது மாதிரி வாசலைப் பார்த்து, "நாளைக்குப் பேசிக்கலாம்" என்றேன். அவன் போய்விட்டான்.

மறுநாள் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனால், கட்டில் ஜன்னல் பக்கம் கிடந்தது. பளிங்கின் மேல் வெள்ளை வட்டம், இன்னும் ஈரம் காயவில்லை. இன்ஜினியர் அம்மா ஓரமாக நின்றார். பெயிண்ட் டப்பா ஊசியின் கையில் இருந்தது. மற்ற வீடுகளையும் சொல்லிவிட்டான்.

என் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் படுத்திருக்கிற இடம்னு தெரிஞ்சுமா?"

அவன் வட்டத்தைப் பார்த்தான். யார் முன்னாலும் கைகட்டி நிற்காத எனக்கு, அன்று கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கல்லை உடைத்து, துளையைச் சிமெண்டால் அடைத்தார்கள். மிஷின் அடியில் போன அன்று அலமாரியில் டம்ளர்கள் லேசாக நடுங்கின. வேறு ஒன்றும் நடக்கவில்லை. என் வீட்டில் எல்லாவற்றையும் நானே செய்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அன்று அவளைக் காப்பாற்றியது நான் இல்லை.

ஊசியிடமிருந்து தொப்பியை வாங்கிக்கொண்டார்கள். அவன் நேராக இஸ்திரிக் கடைக்குப் போய், நடந்ததை அந்த மனிதரிடம் சொன்னானாம். அவர் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாராம். பிறகு, "அந்தச் சட்டைய எடு" என்றாராம். அவரால் இன்னும் நெடுநேரம் நிற்க முடிவதில்லை. தினமும் காலையில் இவன் போய் நிற்கிறான். தேய்ப்பது பரவாயில்லை, மடிக்க மட்டும் இவனுக்கு வருவதே இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் பிரித்து, மறுபடி மடிக்கிறார். "அப்படி ஒண்ணும் சொல்லாம இருக்கறதுதான் மாமா, தாங்க முடியல" என்கிறான்.

கூடத்தில் அந்தச் சிமெண்ட் வட்டம் அப்படியே இருக்கிறது. பளிங்குக்கு ஜோடி தேடவில்லை. என் சட்டைகளை அந்தக் கடைக்குத்தான் அனுப்புகிறேன். சில நாள் அவர் கண்ணுக்குத் தப்பி, ஊசி மடித்தது அப்படியே வந்துவிடும். காலர் கோணிக்கொண்டிருக்கும். அதைப் போட்டுக்கொண்டுதான் கடையில் உட்காருகிறேன்.