சொல்லக் கூடாத ஐந்து சொற்கள்

அவளைத் தெருவில் எல்லோரும் 'ஆராய்ச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். பல்கலைக்கழக உளவியல் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள்; முதியவர்களின் ஞாபகசக்திதான் தலைப்பு. வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஞாபகம் நழுவத் தொடங்கியிருந்தது. ஒருமுறை பனியனோடு இறங்கிப் போய்ப் பேருந்து நிலையத்தில் நின்றார். அதிலிருந்து வாசல் பூட்டியே கிடக்கும். சாவி அவள் கழுத்தில். காலையில் அவரைக் குளிப்பாட்டிவிடும் வேலைக்கு நான் போவேன். நான் இருக்கும் நேரத்தில் துறைக்கு ஓடிவிட்டு, மூச்சு வாங்கத் திரும்புவாள். அதற்குள் என்ன ஆராய்ச்சி நடக்கும்?

"உன் கஷ்டம் புரியுதும்மா. ஆனா வர்ற வருஷத்துக்குள்ள முடிக்கலைன்னா பதிவு போயிடும்" என்று வழிகாட்டிப் பேராசிரியை சொல்லிவிட்டார்.

மறதி உள்ளவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருந்தது. டாக்டர் சோதித்து, மறதிதான் என்று சொன்னால் இடம் தருவார்கள். என்னையும் துணைக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் ஐந்து சொற்களைச் சொன்னார். கொஞ்ச நேரம் வேறு பேச்சு பேசிவிட்டு, "இப்ப சொல்லுங்க ஐயா" என்றார்.

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கதவு, எலுமிச்சை, மேகம், ஊசி, ரயில். நூத்துக்கு நூறு போடுங்க."

அவள் முகம் வெளிறிப்போயிற்று. ஆராய்ச்சிக்கு அவள் வைத்திருந்ததும் அதே ஐந்து சொற்கள் கொண்ட சோதனைதான். மற்றவர்களிடம் செய்வதற்கு முன் தினமும் அப்பாவிடம் செய்து பழகியிருந்தாள்.

"டாக்டர், அது நானே மனப்பாடம் பண்ண வச்சது."

"படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா? அந்த இல்லத்துல இந்தச் சோதனையைத்தான் ஏத்துப்பாங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் இந்த வார்த்தைங்க அவர் காதுல விழக் கூடாது."

வீட்டில் எலுமிச்சை வாங்குவது நின்றது. கிழிந்த சட்டையை அவள் அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்த் தைத்து வந்தாள். எனக்கும் உத்தரவு வந்தது.

"பெரியம்மா, 'அதைச் சாத்து'ன்னு மட்டும் சொல்லுங்க."

"உங்கப்பாவையும் 'அது'ன்னே கூப்பிடட்டுமா?"

சிரித்தாள். அந்த வீட்டில் அதுவே அபூர்வம்.

கெடு முடிய மூன்று வாரம் இருந்தது. அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது, வாத்தியார் பூட்டிய வாசலை உள்ளங்கையால் தட்டிக்கொண்டு நின்றார்.

"இது... இதுக்கு என்னம்மா பேரு? நேத்துகூடத் தெரிஞ்சுதே."

நான் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். இதற்காகத்தானே இத்தனை மாதமும் எல்லோரும் வாயைக் கட்டியிருந்தோம்!

"சொல்லிக் குடும்மா. பரீட்சையில கேப்பாங்க."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"கதவுப்பா."

"ஆங், கதவு! அடுத்தது?"

என் பக்கம் திரும்பாமலேயே, "எலுமிச்சை" என்றாள்.